ஆறு அங்குல கௌரவம்

மருதங்குறிச்சிக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வரலாற்றை முறையாகச் சொல்வதென்றால் தாகத்திலிருந்தும் தீயிலிருந்தும் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊரில் தாகம் தினமும் எடுக்கும். தீ, ஆனி ஆடிக் காற்றில் மட்டும் பிடிக்கும். அதுவும் பனையோலைக் கூரை போட்ட ஓலைத்தெருவில்தான் பிடிக்கும். தாகத்துக்காகப் பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தாமிரபரணிக்குப் போனார்கள். தீ என்றால் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நாகரிகமான ஒரு ராஜாங்கம் இதையெல்லாம் எத்தனை காலத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்? டில்லி தர்பார் நடந்த மறுவருஷம் உத்தரவு வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு இன்ஜின், மேட்டில் ஒரு தொட்டி, தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய். குடிக்கிற தண்ணீரும் தீயணைக்கிற தண்ணீரும் ஒரே குழாயில் வரும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுமளவுக்கு எங்கள் ஊரின் மேல் ராஜாங்கத்துக்குப் பிரியம் இல்லை.

சென்னையிலிருந்து இன்ஜினீயர் சங்கரசுப்பிரமணியன் வந்தார். தலைப்பாகையும் பூட்சும் அணிந்தவர். வாய்ப்பேச்சிலேயே அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி வைக்கிறவர். முனிசிபல் கவுன்சில் கூடியது.

"தாகத்துக்கு மூன்று அங்குலக் குழாய் போதுமானது," என்றார் அவர். "மனிதன் ஒரே சமயத்தில் அதிகம் குடிக்க முடியாது. தீ அப்படியல்ல. தீ பிடிக்கக்கூடிய தெருவுக்கு ஆறு அங்குலம் தேவை."

"ஒரே நேரத்துல எத்தனை தீ பிடிக்கும்னு வச்சிருக்கீங்க?" என்று ஒரு மெம்பர் கேட்டார்.

"ஒன்று."

"ரெண்டு பிடிச்சா?"

"கணக்கில் அதற்கு இடமில்லை."

கவுன்சில் நெடுநேரம் ஆலோசித்தது. முடிவில், முதல் தீ முறைப்படி அணைந்து தீரும்வரை ஊர் எல்லைக்குள் இரண்டாவது தீ பிடிக்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

தெருத்தெருவாய் அளவு குறிக்கிற வேலை ஓவர்சியர் தானியேலுக்கு. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், நல்ல மனுஷர். வேதத்துக்கு அடுத்தபடியாக அவர் விசுவாசித்தது முனிசிபல் விதியை. விதியில் உள்ளதைச் செய்வார். இல்லாததைக் கனவில்கூடச் செய்யமாட்டார். ஒரு சட்டியில் சிவப்பு வர்ணத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டு, ஓலைத்தெருச் சுவரில் ஆறு என்றும், பிள்ளைமார் வசிக்கும் தேரடித்தெருச் சுவரில் மூன்று என்றும் எழுதிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

பாதிச் சாப்பாட்டில் ஆள் வந்தது. சேர்மன் கூப்பிடுகிறாராம்.

சேர்மன் ஆவுடைநாயகம் பிள்ளை தம் வீட்டு வாசலில், அந்த மூன்றுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நிலபுலன் உள்ளவர். ஊரிலேயே முதன்முதலில் மங்களூர் ஓடு போட்டவர். கோபம் வந்தால் சால்வையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றுவார். இப்போது அது வலத்தோளில் இருந்தது.

"என்னவே இது?"

"குழாய் அளவு அண்ணாச்சி. மூணு அங்குலம்."

"ஓலைத்தெருவுல ஆறுன்னு எழுதியிருக்கீராமே?"

"ஆமா. அங்கன தீப்பிடிக்கும்."

"அப்போ எங்க தெருவுல பிடிக்காதோ?"

"எல்லாம் ஓட்டு வீடுல்லா அண்ணாச்சி. பிடிக்காது."

"பிடிக்காதுன்னு நீரு எப்படிவே சொல்லலாம்? நாங்க வரி கெட்டலியா? பரம்பரையா இங்கன இருக்கோம். எங்களுக்கு இல்லாத தீ அவனுவளுக்கு மட்டும் என்னத்துக்கு?"

உள்ளேயிருந்து சேர்மனின் மனைவி வடிவம்மாளின் குரல் வந்தது. "ஓலை முடையுத இசக்கிக்கு ஆறு, எனக்கு மூணு. இனி நான் கோயிலுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

தானியேலுக்கு வருத்தமாகிவிட்டது. ஆறுதல் சொல்லத்தான் நினைத்தார். "நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஓலைக் கூரையா இருந்தா ஆறு எழுதிருவேன். விதி அப்படி இருக்கு."

சேர்மன் அவரைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். சால்வை இடத்தோளுக்குத் திரும்பியது.

மறுநாளே மங்களூர் ஓடுகள் இறங்கத் தொடங்கின. சேர்மன் வீட்டில் ஓலை ஏறுகிறது என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஆள் வைத்தார். வாரம் முடிவதற்குள் தேரடித்தெரு முழுவதும் ஆட்கள் கூரைமேல் நின்றார்கள். ஓட்டை இறக்க மனமில்லாத ஒன்றிரண்டு பேர், ஓட்டின் மேலேயே ஓலையை வேய்ந்து, முற்றத்தில் வைக்கோற்போர் வைத்து, தங்கள் தகுதியை நிரூபித்துக்கொண்டார்கள்.

இத்தனை ஓலைக்கு எங்கே போவது? ஓலைத்தெருவுக்குத்தான். இசக்கி நாற்பது வயதுக்காரி; வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். சேர்மனின் காரியஸ்தர் வந்து கேட்டபோது, "புது ஓலை இப்போ இல்ல, எங்க கூரையில உள்ளதத்தான் தரணும்," என்றாள்.

"அதைத் தா. நல்லாக் காஞ்ச ஓலையாத்தான் வேணும்னு அண்ணாச்சி சொல்லுதாவ."

"அப்போ நாங்க எதுக்குக் கீழ படுக்க?"

"ஓடு கிடக்கு. எடுத்துக்கிடுங்க."

ஆக, ஓலைத்தெருவின் ஓலையெல்லாம் தேரடித்தெருவுக்குப் போயிற்று. தேரடித்தெருவின் ஓடெல்லாம் ஓலைத்தெருவுக்கு வந்தது. மழைக்கு ஒழுகாத கூரையை முதன்முதலாகப் பார்த்த ஓலைத்தெருக்காரர்கள், பெரிய மனிதர்களுக்குப் புத்தி பேதலித்தால் அது நல்ல விதமாகத்தான் பேதலிக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் தை மாதம் தச்சநல்லூரிலிருந்து தேரடித்தெருவுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வெற்றிலையைக் கையில் எடுத்தவர், வாயில் போடாமல் கேட்டார். "எல்லாம் சரிதான். மாப்பிள்ளை வீடு எரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டிய! ஒரு காத்து அடிச்சாப் போதும், நின்னு எரியும்."

"அப்போ ஆறு அங்குலம்தான்?"

"சந்தேகமே இல்ல."

பெண் வீட்டார் திருப்தியோடு வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

இன்ஜினீயர் மறுபடி வந்து பார்வையிட்டார். ஓலைக் கூரை எங்கேயோ ஆறு அங்கே, ஓட்டுக் கூரை எங்கேயோ மூன்று அங்கே என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தானியேல் வர்ணச் சட்டியோடு போய் இலக்கங்களை மாற்றி எழுதினார். ஓலைத்தெருவில் ஆறை அழிக்கும்போது இசக்கி வந்து நின்றாள்.

"ஐயா, ஏன் அழிக்கிய?"

"இங்க இனிமே தீப்பிடிக்காது இசக்கி. ஓட்டு வீடாயிட்டுல்லா."

"தீப்பிடிக்காட்டா நல்லதுதான?"

"உனக்கு நல்லது. குழாய்க்கு நல்லதில்ல."

சொன்ன பிறகு தானியேலுக்கே தாம் சொன்னது என்னவோபோல் இருந்தது. வீட்டில் மனைவி பாக்கியவதியிடம் சொல்லிப் பார்த்தார். "நியாயமான்னு தெரியல பாக்கியம். ஆனா விதி சரியாத்தான் இருக்கு."

பாக்கியவதி மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். நம்ம தெருவுக்கு எத்தனை?"

"மூணு."

"ஓவர்சியர் தெருவுக்கே மூணா? தொழுவத்து மேலயாவது ரெண்டு கட்டு ஓலை போட்டு வையுங்க. ஆலயத்துல எல்லாரும் கேக்குதாவ."

குழாய்கள் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி, மாட்டு வண்டிகளில் வந்து சேர்ந்தன. பள்ளம் தோண்டினார்கள், புதைத்தார்கள், மூடினார்கள். ஆறு அங்குலத் தெருக்களில் தெருவுக்கு ஒன்றாக, இடுப்பளவு உயரத்தில், தலையில் தொப்பி வைத்த மாதிரி ஒரு இரும்புக் கம்பம் நட்டார்கள். அதுதான் தீக்குழாய். அதன் திருகுசாவி தானியேலிடம். தீ பிடித்தால் மட்டுமே திறக்கலாம். மூன்று அங்குலத் தெருக்களுக்குத் தீக்குழாய் கிடையாது. தீயே கிடையாதபோது குழாய் எதற்கு? குடிதண்ணீர்க் குழாய் மட்டும் எல்லாத் தெருவுக்கும் உண்டு.

நாதஸ்வரம் வாசித்துக் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து குடத்தோடு ஆற்றுக்குப் போவது கேவலமாயிற்று. யாராவது ஒரு கிழவி பழக்க தோஷத்தில் ஆற்றுப் பக்கம் நடந்தால், "பாவம், அவுக தெருவுல குழாய் இல்ல போலிருக்கு," என்றார்கள். தாமிரபரணி பாட்டுக்கு எந்த அளவுக் குழாயிலும் அடங்காமல், யாருடைய அனுமதியும் கேளாமல், புன்னக்காயல் வரை போய்க் கடலில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு ஐரோப்பாவில் சண்டை வந்தது. சண்டைக்கும் மருதங்குறிச்சிக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இன்ஜின் குடிக்கிற எண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. இன்ஜினுக்குத் தாகம் எடுத்ததும் ஊருக்கும் தாகம் எடுத்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்து ஒரு சிவப்புக் கோட்டில் நின்றது. கோட்டுக்கு மேலே உள்ளது குடிக்கிற தண்ணீர். கீழே உள்ளது தீயின் தண்ணீர். தீயின் தண்ணீரைத் தாகம் தொடக் கூடாது என்பது விதி. குடிதண்ணீர்க் குழாய்களையெல்லாம் தானியேல் கையாலேயே அடைத்தார்.

ஜனங்கள் முனிசிபல் ஆபீசுக்கு வந்தார்கள். சேர்மனும் கூட வந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை.

"தொட்டியில தண்ணி இருக்குல்லாவே?"

"இருக்கு அண்ணாச்சி. அது தீக்கு உள்ளது."

"தீ எங்கவே இருக்கு?"

"இன்னும் வரல."

"வராத தீக்குத் தண்ணி இருக்கு. வந்து நிக்குத மனுசனுக்கு இல்லையா?"

"தாகம் எடுத்தவன் ஆத்துக்குப் போயிக்கிடலாம். தீயால நடந்து ஆத்துக்குப் போக முடியாதுல்லா?"

ஆற்றுக்குப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் யார் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவது? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனோம்.

வழி கண்டுபிடித்தவள் வடிவம்மாள். மறுநாள் காலை முற்றத்தில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி, "ஐயோ, தீ! தீ!" என்று கத்தினாள். தானியேல் திருகுசாவியோடு ஓடி வந்தார். தீக்குழாயைத் திறந்தார். வைக்கோல் ஒரு தெறிப்பில் அவிந்துவிட்டது. ஆனால் ஆறு அங்குலக் குழாயைத் திறந்த கையோடு மூடிவிட முடியாது. தண்ணீர் வந்த வேகம் தணிந்த பிறகுதான் அது மூடும். அந்த இடைவேளையில் தேரடித்தெருவின் குடம், தவலை, அண்டா எல்லாம் நிரம்பின.

"தீ அணைஞ்சிட்டா அண்ணி?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் தானியேல்.

"நல்லா அணைஞ்சிட்டு. உமக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் பக்கத்து வீட்டில் தீ. அதற்கு மறுநாள் எதிர்வீட்டில். ஒரே நாளில் இரண்டு வீட்டில் தீப்பிடித்தபோது தானியேல் கலங்கிப்போனார். கவுன்சில் தீர்மானம் அப்படியே இருக்கிறதே! அவர் சேர்மனிடம் முறையிட, சேர்மன் வீட்டுக்கு வீடு கிழமை வைத்துக் கொடுத்தார். அவருடைய வீட்டுத் தீ வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நாள் என்பதால் அன்று தீ கிடையாது. ஜில்லாவிலேயே அதிகத் தீயை உடனுக்குடன் அணைத்த ஊர் என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. தானியேல் சந்தோஷப்பட்டார். நாங்களும் பெருமைப்பட்டோம்.

ஓலைத்தெருவின் பாடுதான் திண்டாட்டம். இசக்கி ஆபீசுக்கே வந்தாள். "எங்களுக்கு என்னிக்குத் தீ ஐயா?"

"உங்க தெருவுல தீ கிடையாது இசக்கி. நீ ஓட்டு வீட்டுல இருக்க."

"நான் கொளுத்திக் காட்டட்டா?"

"நீ கொளுத்தினாலும் எரியாது. எரிஞ்சாலும் திறக்க அங்கன குழாய் இல்ல."

இசக்கி யோசித்தாள். அடுத்த வாரம் முதல் காய்ந்த ஓலையைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டித் தேரடித்தெருவுக்குக் கொண்டுவந்தாள். புகை அதிகம், சூடு குறைவு, தண்ணீர்த் தீக்கு ஏற்ற கட்டு. ஒரு கட்டுக்கு ஒரு குடம் தண்ணீர். அப்படியாக ஓலைத்தெருவின் தாகமும் தீர்ந்தது. எல்லோருக்கும் தண்ணீர், எல்லோருக்கும் தீ, எல்லோருக்கும் கௌரவம்.

ஆடிக்காற்று வந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. கோடிவீட்டு முற்றத்தில் முறைப்படி கொளுத்திய தீயிலிருந்து ஒரு பொறி கிளம்பிக் காற்றில் ஏறியது. நடுவில் எந்தக் கூரையிலும் இறங்காமல் நேரே போய்ச் சேர்மன் வீட்டு ஓலையில் உட்கார்ந்தது. தச்சநல்லூர்க்காரர்களிடம் சொன்னது பொய்யில்லை, நின்று எரிந்தது. வேலைக்காரி கோமு தொழுவத்துக் கன்றை அவிழ்த்துவிட்டாள். வீட்டிலிருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சேர்மன் சால்வை இல்லாமல் ஆபீசுக்கு ஓடினார்.

"ஓவர்சியரே! தீ! என் வீட்டுல தீ!"

தானியேல் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்குச் செவ்வாயில்லா அண்ணாச்சி? உங்களுக்கு வியாழந்தான?"

"யோவ், இது நிசத் தீ வே!"

"நிசத் தீக்குன்னு தனியாக் கிழமை ஒதுக்கலியே..."

"வெளியே வந்து பாரும்வே!"

தானியேல் வெளியே வந்தார். வானத்தில் பாதி புகையாக இருந்தது. திருகுசாவியை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்த ஓட்டத்தைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

ஆனால் தீக்குழாயடியில் அவருக்கு முன்னால் ஊர் நின்றது. பெரிய தீ, பெரிய தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியாதா? தேரடித்தெரு, ஓலைத்தெரு, சந்தைத்தெரு எல்லாம் குடத்தோடு வந்துவிட்டோம். தானியேல் திறந்ததும் தீக்குழாயில் மாட்டியிருந்த கித்தான் துணிக் குழாய் உயிர் வந்த பாம்புபோல எழுந்தது. அதைக் கூரைப் பக்கம் திருப்பினார். பத்துக் கைகள் அதைக் குடத்தின் பக்கம் திருப்பின.

"ஏலே, விடுங்கலே! வீடு எரியுது!" என்று சேர்மன் அலறினார்.

"ஒரு குடம் மட்டும் அண்ணாச்சி! பைய எரியட்டும்!"

"ஏட்டி கோமு," என்று புகைக்குள்ளிருந்து வடிவம்மாளின் குரல் கேட்டது. "வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காத! அந்தப் பெரிய அண்டாவ இங்கன உருட்டு! நம்ம வீட்டுத் தீயில ஊர்க்காரி பிடிச்சிட்டுப் போறா!"

தானியேலுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலம் அவர் காத்துவைத்த தண்ணீர், அவர் நம்பிய தீக்கு முன்னால், அந்தத் தீயின் மேல் ஒரு சொட்டும் விழாமல் போகிறது. "கர்த்தாவே, விலகுங்க! எல்லாரும் விலகுங்க!" என்று கத்திக்கொண்டே குழாயை இழுத்தார். எதிரே ஒரு குடம் நீண்டது. கோபத்தோடு அந்தக் குடத்தைத் தள்ளப் போனவர் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பாக்கியவதி.

"வீட்டுல பொட்டுத் தண்ணி இல்ல," என்றாள் அவள்.

தானியேல் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு குடத்தை நிரப்பினார். வழிய வழிய நிரப்பினார்.

தொட்டி காலியாயிற்று. கூரை எரிந்து தீர்ந்தது. காற்று வேறு பக்கம் திரும்பியதால் மற்ற வீடுகள் தப்பின. யாருக்கும் ஒரு காயமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்ததைச் சாயங்காலம் கன்றைத் தேடிப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

சில நாள் கழித்து இன்ஜினீயர் சங்கரசுப்பிரமணியன் விசாரணைக்கு வந்தார். சேர்மன் வீட்டுக் கரிச்சுவர்களுக்கு நடுவே நாற்காலி போட்டுக்கொடுத்தோம். ஊர் முழுக்க வாசலில் நின்றது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தானியேல் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பாக்கியவதியின் குடத்தையும் சேர்த்தே சொன்னார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார்.

இன்ஜினீயர் யாரையும் கோபிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

"தவறு உங்களுடையதல்ல, குழாயுடையது. ஆறு அங்குலம் தீக்கு மட்டுமே போதும். தீயும் குடங்களும் ஒரே சமயத்தில் என்றால் எட்டு அங்குலம் வேண்டும். மேலிடத்துக்கு நானே எழுதுகிறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. எட்டு அங்குலம்! திருநெல்வேலி டவுணில்கூட அப்படி ஒன்று இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

"எல்லாத் தெருவுக்குமா?" என்று சேர்மன் கேட்டார்.

"அது எப்படி முடியும்? தகுதி உள்ள தெருவுக்குத்தான். ஒருமுறையாவது உண்மையாக எரிந்த தெருவாக இருக்க வேண்டும்."

கரி படிந்த தூணோரம் உட்கார்ந்திருந்த சேர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வடிவம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்துத் தெருப் பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தீப்பிடித்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நாங்கள் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, தூரத்தில் தெரிந்த எங்கள் கூரைகளைப் பார்த்தோம். இசக்கி தன் ஓட்டுக் கூரையைப் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பாக்கியவதி தானியேலின் முழங்கையை இடித்தாள். மறுபடி இடித்தாள்.

தானியேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, ஒரு விளக்கம் வேணும். தெரு முழுசா எரிஞ்சிருக்கணுமா, இல்ல, பாதி எரிஞ்சாலும் போதுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பதில் சரியாகக் காதில் விழ வேண்டுமே என்று நாங்கள் எல்லோரும் ஓர் அடி முன்னால் வந்து நின்றோம்.